ஆலயமான வீடு: சிட்னி நகரின் முதல் கத்தோலிக்கர்கள்



சில நாள்களுக்கு முன் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு வழிபாட்டுத் தலங்களைப் பற்றிய பாடமொன்றை நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்து, "ஐயா, கோயிலும் இல்லை, பூசை செய்ய ஆளும் இல்லை என்றால் மக்கள் எங்கே சாமி கும்பிடுவார்கள்?" என்று வினவினாள். "வீட்டிலேதான்" என்று உடனே விடை கூறிவிட்டேன். ஆயினும் அவ்வினா என்னை விடவில்லை. பூசை அறை எல்லா வீட்டிலும் உண்டு. அது எளிய செய்தி. ஆனால், பொது வழிபாட்டையே அரசு மறுத்துவிட்ட ஓர் ஊரில், ஒரு வீடே ஆலயமாகி நின்றதுண்டா? அப்படி நின்ற ஒரு வீட்டின் வரலாற்றையே இன்று பகிர்ந்துகொள்ள விழைகின்றேன். அவ்வீடு இருந்த இடம் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரம். காலம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம்.

கைதிகளின் குடியேற்றம்

1788ஆம் ஆண்டு சனவரித் திங்களில் பதினொரு கப்பல்கள் இங்கிலாந்திலிருந்து வந்து, இன்றைய சிட்னித் துறைமுகத்தில் நங்கூரமிட்டன. அவற்றில் வந்தோருள் பெரும்பாலோர் தண்டனை பெற்ற கைதிகள். இங்கிலாந்தின் சிறைகள் நிரம்பி வழிந்தன. அமெரிக்கக் குடியேற்றங்கள் விடுதலை பெற்றுவிட்டதால் கைதிகளை அங்கு அனுப்பவும் வழியில்லை. ஆகவே உலகின் மறுகோடியில் ஒரு திறந்தவெளிச் சிறையை ஆங்கிலேயர் உருவாக்கினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் நியூ சவுத் வேல்ஸ்.

அந்நிலம் ஆளற்ற நிலமன்று. சிட்னிக் கரையில் காடிகல் மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்து வந்தனர். குடியேற்றம் தொடங்கிய மறு ஆண்டே, 1789இல், பெரியம்மை பரவி அவர்களுள் பெரும்பகுதியினரை அழித்தது. இதனை முதலிலேயே கூறிவிடுவது முறை. நாம் இனிக் காணப்போகும் மனிதர்கள் துன்பப்பட்டவர்கள்தாம். எனினும் அவர்கள் வீடு கட்டிய மண், கேட்டுப் பெற்ற மண்ணன்று.

வந்திறங்கிய கைதிகளுள் கத்தோலிக்கர்களும் இருந்தனர். 1791 முதல் அயர்லாந்திலிருந்து நேராகவே கைதிக் கப்பல்கள் வரத் தொடங்கின. அவற்றில் வந்தோருள் மிகப் பலர் கத்தோலிக்கர். ஆங்கிலம் அறியாது ஐரிஷ் மொழியை மட்டுமே பேசியவர்களும் அவர்களுள் இருந்தனர். அவர்களுக்கென ஒரு குருவானவரும் அனுப்பப்படவில்லை. அரசின் சமயம் இங்கிலாந்துத் திருச்சபையே. கைதிகள் யாவரும், எச்சமயத்தவராயினும், ஞாயிற்றுக்கிழமைகளில் அத்திருச்சபையின் வழிபாட்டிற்குச் செல்ல வேண்டும் என்பது கட்டளை. செல்லாதவர்க்குத் தண்டனை காத்திருந்தது.

குருவானவர் இல்லாவிட்டால் என்ன குறை?

கத்தோலிக்க மரபை அறியாத வாசகர்களுக்காக ஒரு விளக்கம். செபமாலை சொல்வதற்கும், நோயுற்றவர் அருகில் அமர்ந்து மன்றாடுவதற்கும் குருவானவர் தேவையில்லை. அவசரக் காலத்தில் குழந்தைக்குத் திருமுழுக்கைக்கூடப் பொதுநிலையினர் கொடுக்கலாம். ஆனால் திருப்பலியை நிறைவேற்றக் குருவானவர் வேண்டும். பாவ அறிக்கை கேட்டு மன்னிப்பு வழங்கவும், இறக்கும் தறுவாயில் நோயில்பூசுதல் அளிக்கவும் அவர் வேண்டும். திருப்பலியில் அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மாறுகின்றன என்பது கத்தோலிக்கரின் நம்பிக்கை. அதனையே நற்கருணை என்பர். எனவே, குருவானவர் இல்லாத ஊரில் நற்கருணை இல்லை. நற்கருணை இல்லாத வாழ்வு அவர்களுக்கு உயிரின் நடுப்பகுதியை இழந்த வாழ்வாகும்.

அயர்லாந்துக் கத்தோலிக்கர்க்கு இந்நிலை முற்றிலும் புதியதன்று. 18ஆம் நூற்றாண்டு முழுவதும் அவர்கள் தம் சொந்த நாட்டிலேயே தண்டச் சட்டங்களின் கீழ் வாழ்ந்தவர்கள். ஆலயங்கள் பறிபோன காலத்தில் மலைச்சரிவில் கிடந்த பாறைகளே அவர்களுக்குப் பலிபீடங்களாயின. குருவானவர் முறைவைத்து வீடு வீடாகச் சென்று திருப்பலி நிறைவேற்றும் வழக்கமும் அவர்களிடையே வேரூன்றியிருந்தது. அண்டை வீட்டார் அனைவரும் அன்று ஒரே வீட்டில் கூடுவர். அடுத்த முறை வேறொரு வீடு. ஆக, வீட்டையே ஆலயமாக்கும் பழக்கத்தை அவர்கள் கப்பலேறும்போதே நெஞ்சில் சுமந்துதான் வந்தனர்.

ஓராண்டே நீடித்த உரிமை

1798ஆம் ஆண்டு அயர்லாந்தில் ஆங்கில ஆட்சிக்கு எதிராகப் பெரும் கிளர்ச்சி வெடித்தது, கொடுமையாக ஒடுக்கவும்பட்டது. அதன் விளைவாக நாடு கடத்தப்பட்டோருள் மூன்று குருமாரும் இருந்தனர். ஜேம்ஸ் ஹெரால்ட், ஜேம்ஸ் டிக்சன், பீட்டர் ஓநீல் என்போர் அவர்கள். குருமாராக அன்று, கைதிகளாகவே அவர்கள் சிட்னி வந்து சேர்ந்தனர்.

1803இல் ஆளுநர் கிங் ஒரு சலுகை அளித்தார். டிக்சன் அடிகளார் கத்தோலிக்கருக்குத் திருப்பலி நிறைவேற்றலாம் என அறிவித்தார். அவ்வாண்டு மே 15ஆம் நாள் சிட்னியில் அரசின் இசைவுடன் திருப்பலி நடைபெற்றது. கடுமையான நிபந்தனைகள் உடன் இருந்தன. ஆட்சிக்கு எதிராக ஒரு சொல்லும் எழக்கூடாது; கூட்டம் கலையும்வரை காவலர் கண்காணிப்பர்; மக்களின் நடத்தைக்குக் குருவானவரே பொறுப்பு. திருப்பலிக்குரிய கிண்ணத்தைக் கைதியொருவர் தகரத்தால் செய்து தந்தார் என்றும், பழைய திரைச்சீலையை வெட்டித் திருவுடை தைத்தனர் என்றும் மரபுவழிச் செய்திகள் கூறுகின்றன.

இச்சலுகை ஓராண்டுகூட முழுமையாக நீடிக்கவில்லை. 1804 மார்ச்சுத் திங்கள் தொடக்கத்தில் காசல் ஹில் என்னும் அரசுப் பண்ணையில் அயர்லாந்துக் கைதிகள் கிளர்ந்தெழுந்தனர். மறுநாளே படைவீரர்கள் அவர்களை முறியடித்தனர். சரணடையுமாறு கிளர்ச்சியாளரிடம் எடுத்துரைக்க டிக்சன் அடிகளாரையே படையினர் அழைத்துச் சென்றனர். தலைவர் பிலிப் கன்னிங்காம் விசாரணையின்றித் தூக்கிலிடப்பட்டார். மொத்தம் ஒன்பது பேர் தூக்குமேடை ஏறினர். திருப்பலிக்கான இசைவும் அத்துடன் பறிக்கப்பட்டது. மக்கள் கூடும் இடமெல்லாம் சதி பிறக்கும் இடம் என்று அரசு அஞ்சியது.

ஓநீல் 1803இலேயே தாயகம் திரும்பியிருந்தார். டிக்சனும் ஹெரால்டும் அடுத்த சில ஆண்டுகளில், 1810ஆம் ஆண்டிற்குள், ஒருவர்பின் ஒருவராகச் சென்றுவிட்டனர். அதன்பின் சிட்னியில் ஒரு குருவானவரும் இல்லை. பிறந்த குழந்தைகள் வளர்ந்தனர், முதியோர் இறந்தனர், மணமக்கள் இணைந்தனர். எல்லாம் குருவானவரின்றியே நடந்தன.

கடிதம் கொணர்ந்த துறவி

அக்காலத்துச் சிட்னியில் மைக்கேல் ஹேய்ஸ் என்பவர் வாழ்ந்தார். அவரும் 1798 கிளர்ச்சியின் பொருட்டு நாடு கடத்தப்பட்டவரே. அவருடைய உடன்பிறந்தார் ரிச்சர்ட் ஹேய்ஸ், பிரான்சிஸ்கன் சபைத் துறவி, உரோமாபுரியில் இருந்தவர். சிட்னிக் கத்தோலிக்கரின் நிலையை மைக்கேல் கடிதங்களில் எழுதினார். கப்பலில் ஒரு கடிதம் ஐரோப்பாவை அடையப் பல திங்கள் ஆகும். விடை வரவும் அதே அளவு காலம் ஆகும். ஆயினும் அவர் எழுதினார். அக்கடிதங்களின் செய்தி உரோமையின் செவியை எட்டியது.

ஜெரமையா ஓஃபிளின் என்னும் அயர்லாந்துத் துறவி இப்பணிக்கு முன்வந்தார். மேற்கிந்தியத் தீவுகளில் பணியாற்றிய பட்டறிவு உடையவர். உரோமை 1816இல் அவரை இப்புதிய நிலப்பகுதிக்குத் திருச்சபைப் பொறுப்பாளராக அமர்த்தியது. ஆனால் இலண்டனிலிருந்த குடியேற்ற அமைச்சர் பாதர்சுட் பிரபு அவருக்கு இசைவு தர மறுத்துவிட்டார். ஓஃபிளின் அதற்காகக் காத்திருக்கவில்லை. 1817 நவம்பரில் சிட்னித் துறைமுகத்தில் வந்திறங்கினார்.

ஆளுநர் மக்குவாரி ஆவணத்தைக் கேட்டார். அது பின்னால் வரும் கப்பலில் வந்துகொண்டிருக்கிறது என்றார் ஓஃபிளின். அவ்விடை உண்மைக்குப் பொருந்தாதது என்பதை இங்கு மறைக்க வேண்டியதில்லை. பொதுப் பணி எதனையும் ஆற்றக்கூடாது என்ற கட்டுப்பாட்டுடன் மக்குவாரி அவரைத் தங்கவிட்டார். ஓஃபிளினோ மக்களின் வீடுகளுக்குள் சென்றார், திருமுழுக்களித்தார், மணம் முடித்துவைத்தார், திருப்பலி நிறைவேற்றினார். ஐரிஷ் மொழியில் சரளமாகப் பேசவல்லவர் அவர். பல ஆண்டுகளாகத் தம் தாய்மொழியில் ஓர் ஆறுதல் மொழியும் கேளாதிருந்த முதியவர்கள், அம்மொழியிலேயே தம் பாவ அறிக்கையைச் சொல்ல வாய்த்தபோது எவ்வாறு உணர்ந்திருப்பர் என்பதை, தாய்மொழிப் பள்ளியில் பணியாற்றும் நான் விரித்துரைக்கத் தேவையில்லை.

மக்குவாரியைக் கொடியவராகச் சித்திரிப்பது எளிது, அது நேர்மையன்று. தண்டனை முடிந்த கைதிகளைச் சமமாக நடத்த வேண்டும் என வாதாடிய ஆளுநர் அவர். ஆயினும் காசல் ஹில்லின் நினைவு அரசினரிடையே ஆறவில்லை. அரசின் இசைவில்லாத ஒரு குருவானவர், அயர்லாந்துக் கைதிகளை வீடு வீடாகச் சந்திப்பதை அவர் ஐயத்தோடு நோக்கினார். 1818 மே மாதத்தில் ஓஃபிளின் சிறைப்பிடிக்கப்பட்டு, கப்பலேற்றி அனுப்பப்பட்டார். கத்தோலிக்கர் அளித்த மனு பயனளிக்கவில்லை.

வீட்டில் எஞ்சிய நற்கருணை

நம் கதையின் நடுப்பகுதி இதுதான். ஓஃபிளின் அகற்றப்பட்டபோது, திருப்பலியில் அவர் திருநிலைப்படுத்திய நற்கருணை ஒரு வீட்டிலேயே தங்கிவிட்டது. குருவானவர் சென்றுவிட்டார், நற்கருணை மட்டும் இருந்தது. மக்கள் அதைக் காத்தனர். ஞாயிறுதோறும் அவ்வீட்டில் கூடினர், முழந்தாளிட்டனர், செபமாலை சொல்லினர். திருப்பலி இல்லை, மறையுரை இல்லை, பாடற்குழு இல்லை. ஒரு சிறு அறையும், அதனுள் அவர்கள் கடவுளின் உடனிருப்பாக நம்பிய அப்பமும் மட்டுமே இருந்தன.

அவ்வீடு வில்லியம் டேவிஸ் என்பவருடையது என்பது சிட்னிக் கத்தோலிக்கரிடையே வலுவாக நிலவிவரும் மரபு. டேவிசும் 1798 கிளர்ச்சியின் பின் நாடு கடத்தப்பட்டவர். இங்கிலாந்துத் திருச்சபையின் வழிபாட்டிற்குச் செல்ல மறுத்தமைக்காகக் கசையடி பெற்றவர் என்றும் அம்மரபு கூறுகிறது. பின்னர் விடுதலை பெற்று, நகரில் மனைகளும் உடைமைகளும் சேர்த்தார். இன்று சர்ச் ஹில் எனப்படும் மேட்டில் அவரும் அவர் மனைவியும் வாழ்ந்த வீடு இருந்தது.

மற்றொரு கருத்தும் உண்டு. ஜேம்ஸ் டெம்ப்சி என்னும் கற்கொத்தனாரின் வீடே அது என்பர் சில ஆய்வாளர்கள். அவரும் 1798 கிளர்ச்சியாளரே. கென்ட் தெருவில் இருந்த அவர் வீட்டில், கார்மேல் மூன்றாம் சபையைச் சார்ந்த பொதுநிலையினர் சிலர் கூடி, முறைவைத்து வழிபட்டு வந்தனர் என்பது இக்கருத்தின் அடிப்படை.

எது உண்மை? வகுப்பில் இதனைக் கூறினால் மாணவர்கள் உடனே, "யார் வீடு ஐயா? ஒன்றைச் சொல்லுங்கள்" என்பார்கள். தேர்வுத்தாளில் ஒரு விடைக்குத்தானே புள்ளி! ஆனால் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். அரசுக்கு அஞ்சிச் செய்யும் செயலை எவர் பதிவேட்டில் எழுதிவைப்பார்? தடயம் இல்லாமற் செய்வதே அவர்களுக்குப் பாதுகாப்பு. அவர்கள் தம்மைக் காத்துக்கொள்ளக் கடைப்பிடித்த அமைதிதான், பின்வந்த ஆய்வாளர்க்கு இடர்ப்பாடாக நிற்கிறது. டேவிசின் வீட்டுமனையில் பின்னாளில் ஓர் ஆலயம் எழுந்தது. அதனால் அவர் பெயர் ஊன்றி நின்றது. டெம்ப்சி பிற்காலத்தில் அந்நாட்டை விட்டே சென்றுவிட்டார். அவர் வீட்டின் நினைவைச் சுமக்கக் கல்லும் இல்லை, கட்டடமும் இல்லை. ஒருவேளை நற்கருணை ஒரு வீட்டில் இருக்க, மக்கள் இரு வீடுகளிலும் கூடியிருக்கலாம். கல் நிற்கும் இடத்தில் மரபும் நிற்கும் என்பதை வரலாறு படிப்போர் மறந்துவிடலாகாது.

1819ஆம் ஆண்டின் இறுதியில் எதிர்பாராத விருந்தினர் ஒருவர் வந்தார். உலகைச் சுற்றி ஆய்வு நடத்திக்கொண்டிருந்த ஊரானி என்னும் பிரெஞ்சுக் கப்பல் சிட்னித் துறைமுகத்தை அடைந்தது. தளபதி ஃபிரேசினே, கப்பலில் தெ கெலென் என்னும் குருவானவரும் இருந்தார். கப்பல் துறைமுகத்தில் தங்கிய அந்தச் சில வாரங்களில் அவர் சிட்னிக் கத்தோலிக்கருக்குத் திருப்பலி நிறைவேற்றினார், குழந்தைகளுக்குத் திருமுழுக்களித்தார். ஓஃபிளின் சென்று ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகளுக்குப் பின் அவர்கள் கண்ட திருப்பலி அது. கிறிஸ்து பிறப்பு நாளன்று அக்கப்பல் புறப்பட்டுச் சென்றது.

கதவு திறந்தது

இதற்கிடையே ஓஃபிளின் வெளியேற்றப்பட்ட செய்தி இலண்டன் நாடாளுமன்றத்தில் எதிரொலித்தது. ஒரு தனி மனிதரைக் கப்பலேற்றி அனுப்பியது, அவரால் தொடங்கப்பட்ட கேள்வியைக் கடல் கடந்து கொண்டு சேர்த்துவிட்டது. ஆயிரக்கணக்கான கத்தோலிக்கர் வாழும் குடியேற்றத்தில் ஒரு குருவானவரும் இல்லாமை முறையா எனப் பலர் வினவினர். அரசு இறங்கி வந்தது. இரு குருமாரை அனுப்பவும், ஒவ்வொருவருக்கும் ஆண்டொன்றுக்கு 100 பவுன் ஊதியம் அளிக்கவும் உடன்பட்டது. 1820 மே மாதத்தில் பிலிப் கொனொலி, ஜான் ஜோசப் தெரி ஆகிய இருவரும் சிட்னி வந்து சேர்ந்தனர்.

மறு ஆண்டு கொனொலி தாஸ்மானியாவிற்குச் சென்றுவிட்டார். தெரி அடிகளார் தனியராக அப்பெருநிலப்பரப்பில் குதிரையேறித் திரிந்து பணியாற்றினார். 1821 அக்டோபர் 29ஆம் நாள் சிட்னியில் தூய மரியன்னை ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நாட்டியவர் யார் தெரியுமா? மூன்றாண்டுகளுக்கு முன் ஓஃபிளினைக் கப்பலேற்றிய அதே ஆளுநர் மக்குவாரி! பதவியை ஒப்படைப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் அவர் செய்த செயல் அது. அரசின் இசைவோடு வந்த குருவானவரை அவர் எதிர்க்கவில்லை. சட்டம் பேசுவோர்க்குச் சட்டம் மாறினால் போதும்; நம்பிக்கை உடையோரோ சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1840ஆம் ஆண்டில் டேவிசின் மனையில் மற்றோர் ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அம்மனையைக் கொடையாக அளித்தவர் அவரே. 1843இல் அவர் காலமானார். 1844இல் தூய பேட்ரிக் ஆலயம் திறக்கப்பட்டபோது அதனைக் காண அவர் இல்லை. சிட்னி நகரின் உயர்ந்த கட்டடங்களுக்கிடையே அவ்வாலயம் இன்றும் நின்று, நாள்தோறும் வழிபாடு நடைபெறும் இடமாகத் திகழ்கிறது.

எண்ணிப் பார்க்கச் சில

இவ்வரலாற்றைப் படிக்கும்போது என் உள்ளம் இரு பக்கமும் இழுபடுகிறது. தம் மொழி ஒடுக்கப்பட்டு, தம் சமயம் தடுக்கப்பட்டு, விலங்கிடப்பட்டுக் கப்பலில் கொணரப்பட்ட மக்கள், ஓர் அறைக்குள் தம் நம்பிக்கையைக் காத்தனர். அது போற்றத்தக்கது. அதே மக்கள் விடுதலை பெற்றதும் மனை பெற்றனர், நிலம் பெற்றனர். அம்மனையும் நிலமும் காடிகல் மக்களும் அவர்தம் அண்டை இனத்தவரும் இழந்தவை. அவர்களுடைய வழிபாட்டிடங்களுக்கு எவரும் இலண்டன் நாடாளுமன்றத்தில் குரல் எழுப்பவில்லை. ஒடுக்கப்பட்டவரே குடியேறியவராகவும் இருந்தனர். இரண்டில் ஒன்றை மட்டும் மாணவர்க்குக் கற்பித்தால் நாம் பாதி வரலாற்றையே கற்பித்தவர்களாவோம்.

இன்னொன்றையும் கூற வேண்டும். ஆலயம் எழுந்த ஆண்டுகளும், ஆளுநர்களின் பெயர்களும், அடிக்கல் நாட்டிய நாள்களும் ஏடுகளில் உள்ளன. ஆனால் அந்த ஒன்றரை ஆண்டுகளில் ஞாயிறுதோறும் அவ்வீட்டின் தரையைக் கூட்டித் துடைத்து, விளக்கேற்றி, வந்தவர்க்கு இடம் ஒதுக்கிய பெண்களின் பெயர்கள் நம்மிடம் வந்து சேரவில்லை. வீடு ஆலயமானது என்று ஒரே தொடரில் எழுதிவிடுகிறோம். வீட்டை ஆலயமாக்கும் வேலை அந்நாளில் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் தோளில்தானே விழுந்திருக்கும்!

மறுநாள் வகுப்பிற்குச் சென்றதும் அம்மாணவியிடம் இக்கதையைச் சுருக்கமாகக் கூறினேன். அவள் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "ஐயா, அந்த வீட்டுக்காரர்களுக்குப் பயமாக இருந்திருக்காதா?" என்று கேட்டாள். இருந்திருக்கும் அம்மா, கட்டாயம் இருந்திருக்கும் என்றேன். முதுகில் கசையடித் தழும்போடு வாழ்ந்தவர்களுக்கு அச்சம் என்னவென்று பிறர் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அந்த அச்சத்துடனேதான் ஞாயிறுதோறும் அவர்கள் கதவைத் திறந்துவைத்தார்கள்.

வாய்ப்புக் கிட்டும்போது உங்கள் பிள்ளைகளிடமும் இவ்வரலாற்றைப் பகிர்ந்துகொள்ளுங்கள். மீண்டும் மற்றொரு கட்டுரையில் சந்திப்போம்.